மரத்தில் ஓடும் ஒளி

டிசம்பர் பிறந்ததும் மேல்நாட்டு வீடுகளின் முன்னறையில் கிறிஸ்துமஸ் மரத்தை நாட்டி விளக்கேற்றுவது பழைய வழக்கம். அந்த மரத்தைச் சுற்றிய நூற்றுக்கணக்கான எல்.இ.டி. விளக்குகளை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரின் ஆணைக்கு உட்படுத்தி, ஒளி சுழல்வதும் அலைவதும் பொழிவதுமாக நிரல் எழுதி ஓடவிட்டு, அதைச் சிறு படமாகப் பிடித்து உலகத்துக்குக் காட்டுவது புதிய வழக்கம். இந்தப் புதிய வித்தையைப் பற்றிய புகழுரைகளுள் ஒன்று பல ஆண்டுகளாக என் மனத்தை உறுத்தி வருகிறது. மரம் இனி வெறும் மரமன்று, அது முப்பரிமாணத் திரை, அதில் எதை வேண்டுமானாலும் காட்டலாம் என்பதே அந்தப் புகழுரை. வித்தையின் உச்சமாக எல்லோரும் எடுத்துச் சொல்லும் இந்தக் குணமே அதன் தலையாய குறை என்பது என் அபிப்பிராயம்.

மரத்தைத் திரையாகக் காணும் நோக்குக்கு வலுவூட்டியவர் மாட் பார்க்கர் என்னும் கணித வித்தகர். 2020 டிசம்பரில் அவர் தம் மரத்தில் 500 விளக்குகளைச் சுற்றி, ஒவ்வொன்றையும் தனித்தனியே எரியவிட்டு, மரத்தைப் பல கோணங்களில் திருப்பி வைத்துப் படமெடுத்து, அப்படங்களிலிருந்து ஒவ்வொரு விளக்கும் நிற்கும் இடத்தை மூன்று எண்களாகக் கணக்கிட்டார். பிறகு ராஸ்பெர்ரி பை என்ற சிறு கம்ப்யூட்டரில் பைத்தான் மொழியில் எழுதிய நிரலைக்கொண்டு அவற்றை ஆட்டுவித்தார். கண்ணுக்குப் புலப்படாத ஒரு தளம் மரத்தை ஊடறுத்துச் சுழல, அதன் ஒருபுறத்து விளக்குகள் ஒரு நிறமும் மறுபுறத்து விளக்குகள் வேறு நிறமும் பூண்டு நின்ற காட்சியைக் கண்டு பிரமிக்காதவர் அரியர். பின்னர் பிறர் எழுதி அனுப்பிய அசைவுகளையும் அவர் அந்த மரத்தில் ஓட்டிக் காட்டினார். இத்தாலியில் தோன்றிய ட்விங்க்லி என்ற கம்பெனியின் விளக்குச் சரங்களோ, இதே அளவை வேலையைக் கைபேசிக் காமிராவைக்கொண்டு செய்துமுடித்து, கணிதம் அறியாதவர் வீட்டுக்கும் இந்த வித்தையைக் கொண்டுசேர்த்துவிட்டன.

இதில் உள்ள சாமர்த்தியத்தை நான் மறுக்கவில்லை. முப்பரிமாணக் கணிதத்தைக் கரும்பலகையில் கண்டு அஞ்சும் மாணவன், அதே கணிதம் தன் வீட்டு மரத்தில் சிவப்பும் பச்சையுமாகச் சுழல்வதைக் கண்டால் அச்சம் நீங்குவான்; அதுவே பெரிய லாபம். கிளைகளுக்குள் மறைந்த விளக்கைக் காமிரா காணத் தவறும்போது அண்டை விளக்குகளிலிருந்து அதன் இடத்தை ஊகிப்பதும், நீண்ட சரத்தின் கடைசியில் மின்னழுத்தம் தளர்ந்து வெள்ளை ஒளி செம்மை தட்டும்போது இடையிடையே மின்சாரத்தைப் புகுத்திச் சரிசெய்வதும் பொறுமையும் திறமையும் வேண்டும் வேலைகள். இத்தகைய விளக்குகளை இயக்கும் டபிள்யூ.எஸ். 2811 என்ற சில்லின் ஏற்பாடும் வியக்கத் தக்கதே. ஒரே கம்பி வழியே வரும் செய்தியில் முதல் 24 பிட்டுகளைத் தனக்கென எடுத்துக்கொண்டு, எஞ்சியதை அடுத்த விளக்குக்கு அது தள்ளிவிடுகிறது. இதற்கு ஒரு விளக்குக்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் லட்சத்தில் மூன்று பங்கு; ஆகவே 500 விளக்குகள் உள்ள மரத்தின் நிறம் முழுவதையும் நொடிக்கு அறுபது தடவைக்கு மேல் மாற்றலாம்.

நொடிக்கு அறுபது தடவை மாற்றலாம் என்று வந்தவுடன், மாற்றாமல் இருப்பது சாதனத்தை வீணாக்குவதாக நிரல் எழுதுபவருக்குத் தோன்றிவிடுகிறது; கோளாறு அங்கேதான் ஆரம்பமாகிறது. அடியிலிருந்து நுனிவரை நிறம் ஏறுகிறது. ஏறிய கணமே இறங்குகிறது. ஒளிக் கோளம் ஒன்று மரத்துக்குள் விரிந்து சுருங்குகிறது. பனி பொழிவதுபோல வெண்புள்ளிகள் வழிகின்றன. வானவில் திருகுபோலச் சுற்றுகிறது. ஒவ்வொன்றும் சில நொடிகளில் முடிந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. காண்பவர் ஒருமுறை வியக்கிறார், இரண்டாம் முறை ரசிக்கிறார், மூன்றாம் முறைக்குள் படம் முடிந்துவிடுகிறது. வீட்டிலோ படம் முடிவதில்லை. கிறிஸ்துமஸ் காலம் என்று திருச்சபை வழக்கத்தில் சொல்லப்படுவது ஜனவரி 6-ஆம் தேதி வரும் திருக்காட்சிப் பெருவிழாவரை நீளும் பன்னிரண்டு நாட்கள். பெரும்பாலான வீடுகளில் மரம் டிசம்பர் முதல் வாரத்திலேயே வந்துவிடுவதால் ஒரு மாதத்துக்கும் மேலாக அது குடும்பத்தோடு வாசம் செய்கிறது. அதன் அருகில் பாட்டி கம்பளி பின்னுகிறாள், குழந்தைகள் சண்டையிட்டுச் சமாதானமாகின்றன, விருந்தினர் உரையாடுகின்றனர், பகலெல்லாம் உழைத்துவந்தவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார். இவர்களில் யாரும் மரத்தின் பார்வையாளர் அல்லர், மரத்தோடு இருப்பவர்கள். விட்டுப் போகப்போகும் பார்வையாளனுக்கென்று அமைத்த ஒளியை, விட்டுப் போகாமல் உடனிருப்பவர்மேல் மாதக் கணக்கில் சுமத்துவதே இந்த வித்தையின் அடிப்படைப் பிழை. மத்தாப்புக்கும் குத்துவிளக்குக்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டுச் சிறுவர்களும் அறிவார்கள். இங்கே குத்துவிளக்கின் இடத்தில் மத்தாப்பை ஏற்றிவைத்து, அது அணையாமல் இருக்க வழி கண்டுபிடித்ததைச் சாதனையாகப் பேசுகிறார்கள்.

இது ரசனையின் பேதம் மட்டும் அன்று. கண்ணின் ஸ்வபாவமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. மனிதக் கண்ணின் நடுப்பகுதி உருவத்தையும் நிறத்தையும் நுணுக்கமாகக் காண்பது. ஓரப்பகுதியோ உருவத்தைத் தெளிவாகக் காணாது போனாலும், சலனத்தையும் மினுக்கத்தையும் உடனே பற்றிக்கொள்வது. எனவே அறையின் மூலையில் ஓயாது அசையும் ஒளியொன்று இருந்தால், எதிரே இருப்பவரின் முகத்தை நோக்கிப் பேசுபவரையும் புத்தகத்தில் ஆழ்ந்தவரையும் அது விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மனம் அதை அலட்சியம் செய்யக் கற்றுக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அலட்சியம் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பொருளைப் பண்டிகையின் மையத்தில் எதற்காக வைப்பது? காமிராவுக்கோ கண்ணோரம் என்று ஒன்று இல்லை. அதன் சட்டத்துக்குள் மரம் மட்டுமே நிற்கிறது. அறை இல்லை, பேச்சு இல்லை, பாட்டி இல்லை. காமிராவைக்கொண்டு மரத்தை அளந்தவர்கள் காமிராவுக்காகவே ஒளியை அமைத்ததில் வியப்பொன்றும் இல்லை.

இந்த ஆக்ஷேபணையைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் சமாதானம் ஒன்று உண்டு. வேகம் என்பது நிரலில் ஓர் எண்தானே, அதைக் குறைத்துவிட்டால் போயிற்று என்பார்கள். இந்தச் சமாதானத்தை நான் ஒப்புவதற்கில்லை. ஒரு கீர்த்தனையைத் துரித காலத்தில் அமைத்தவன் அதை விளம்பத்தில் பாடினால் அது விளம்ப கால உருப்படி ஆகிவிடுமா? அசைவின் கற்பனையே அதன் காலப்பிரமாணத்தோடு சேர்ந்து பிறப்பது. மூன்று நொடியில் மரத்தை ஊடறுத்துச் சுழலும் தளத்தை மூன்று நிமிஷத்துக்கு நீட்டிப் பார்த்தால், சுழற்சி மறைந்து, பாதி சிவப்பும் பாதி பச்சையுமாக நிறம் பிரிந்த மரமே மிஞ்சும். தளம் இருப்பதை மனம் உணர்ந்ததே வேகத்தால்தான். வேகம் போனால் வடிவமும் போய்விடுகிறது.

அதோடு, மெதுவான அசைவுக்கு இந்தச் சாதனம் எளிதில் இணங்குவதும் இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மிகுந்த பிரகாசத்தில் 200-லிருந்து 199-க்கு இறங்குவதை எந்தக் கண்ணும் அறியாது. ஆனால் ஒளி மங்கி 3-லிருந்து 2-க்கு இறங்கும்போது மூன்றில் ஒரு பங்கு ஒளி ஒரே தாவலில் போய்விடுகிறது, இருட்டறையில் அந்தத் தாவல் நன்றாகவே தெரியும். வேகமாக ஓடும் ஒளியில் இந்தக் குறை ஒளிந்துகொள்கிறது. மெல்ல அணையும் ஒளியில் படிப்படியாகத் தடுக்கி விழுவதுபோலக் கண்ணை உறுத்துகிறது. இதற்குப் பரிகாரம் இல்லாமல் இல்லை. மைக்கா எலிசபெத் ஸ்காட் என்பவர் வடிவமைத்த ஃபேட்கேண்டி என்ற சிறு பலகை, 512 விளக்குகளை ஆட்டுவிக்கும்போதே, இரண்டு படிகளுக்கு இடையே மிக விரைவாக மாறிமாறி எரியவிட்டு, இல்லாத நடுப்படிகளைக் கண்ணுக்கு உண்டாக்கித் தந்தது. மங்கலான ஒளியின் மதிப்பை அறிந்த ஒருவர் செய்த வேலை அது. இத்தகைய உழைப்பை, மரத்தில் ஒளி ஓட்டுபவர்களிடம் நான் மிக அரிதாகவே காண்கிறேன். மரத்திலுள்ள விளக்கின் இடத்தை அங்குலக் கணக்கில் அறிய அத்தனை பிரயத்தனம் செய்பவர்கள், அந்த விளக்கு எப்படி அணைய வேண்டும் என்பதைப் பற்றி ஒரு மாலைப்பொழுதும் சிந்திப்பதில்லை.

மற்றொரு சமாதானம் சரித்திரத்திலிருந்து வருகிறது. மின்விளக்கு மரம் பிறந்தபோதே அசைவோடுதானே பிறந்தது என்பார்கள். உண்மைதான். எடிசனின் கூட்டாளியும் அவருடைய மின்விளக்குக் கம்பெனியின் உபதலைவருமான எட்வர்ட் ஜான்சன், 1882 டிசம்பரில் நியூயார்க்கில் தம் வீட்டு மரத்தில் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் 80 பல்புகளைப் பூட்டி, மரத்தையே மின்சாரத்தால் சுழலச் செய்தார். மரம் சுழலச் சுழல விளக்குகளும் மாறிமாறி எரிந்தன. ஆனால் அது பத்திரிகை நிருபரை வரவழைத்துக் காட்டிய மரம். மின்சாரத்தை ஊருக்கு விற்கப் புறப்பட்ட கம்பெனிக்கு வேண்டிய விளம்பரம். அசைவு அன்றே பார்வையாளனுக்காகத்தான் செய்யப்பட்டது என்பதற்கு ஜான்சனின் மரம் எனக்குச் சாட்சியே ஒழிய, எனக்கு எதிரான சாட்சி அன்று.

அதற்கு முந்திய மெழுகுவர்த்தி மரத்தைப் பற்றிய வாதம் இதைவிடக் கனமானது. கிளை நுனிகளில் ஏற்றிய மெழுகுவர்த்திகளைத் தீப்பிடிக்கும் பயத்தால் சிறிது நேரமே எரியவிட்டு, பக்கத்தில் தண்ணீர் வாளியும் வைத்துக்கொண்டு, குடும்பம் முழுவதும் கூடிப் பார்த்த பிறகு அணைத்துவிடுவது வழக்கம். அதுவும் ஒரு காட்சிதானே, அந்தச் சுடர்களும் அசைந்தனவே என்று கேட்கலாம். அசைந்தன. ஆயினும் எந்தச் சுடரும் தன் அசைவைத் திரும்பச் செய்யவில்லை. எந்தச் சுடரும் அண்டைச் சுடரோடு ஒத்து ஆடவும் இல்லை. கதவைத் திறந்தவரின் காற்றுக்கும் பாடியவரின் மூச்சுக்கும் அவை அசைந்தன. அதாவது அறையில் இருந்தவரே அவற்றின் சலனத்துக்குக் காரணம். நிரலால் ஓடும் ஒளிக்கோ அறையில் யார் இருக்கிறார் என்பதும், ஒருவரேனும் இருக்கிறாரா என்பதும் தெரியாது.

மின்விளக்கு யுகத்திலும் நல்ல அசைவுகள் இருந்தன என்பதைச் சொல்லாவிட்டால் நான் எல்லா அசைவையும் வெறுப்பவன் என்று வாசகர் எண்ணக்கூடும். 1946-இல் அமெரிக்காவில் நோமா கம்பெனி விற்கத் தொடங்கிய, கார்ல் ஓட்டிஸ் கண்டுபிடித்த குமிழி விளக்கு அவற்றுள் ஒன்று. மெழுகுவர்த்தி வடிவான கண்ணாடிக் குழாயில், சுமார் 40 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும் மெத்திலீன் குளோரைடு என்ற திரவத்தை அடைத்து, அடியில் சிறு பல்பு ஒன்றை வைத்துவிட்டார்கள். பல்பின் சூட்டில் குமிழிகள் மேலெழுந்துகொண்டே இருக்கும். அலுமினிய மரங்கள் அமெரிக்க வீடுகளை ஆண்ட காலத்தில், உலோகக் கிளைகளில் விளக்குச் சரம் சுற்றினால் மின்சாரம் தாக்கும் என்பதால், தரையில் வைத்த விளக்கின் முன் பல நிறச் சக்கரம் ஒன்று மெல்லச் சுழன்று, மரத்தைச் சிவப்பாகவும் நீலமாகவும் பச்சையாகவும் பொன்னாகவும் மாற்றிக்கொண்டிருந்தது. நம் ஊர்ச் சீரியல் பல்பிலும், இருவகை உலோகங்களை ஒட்டிய சிறு தகடு சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிப்பதும் ஆறியவுடன் மீண்டும் இணைப்பதுமான எளிய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒரு பல்பில் மட்டும் அதை வைத்தால் சரம் முழுவதும் அணைந்து எரிந்து தொல்லை தரும். பல்புகளைத் தொடராக இணைக்காத சரத்தில் ஒவ்வொரு பல்பிலும் வைத்தாலோ, ஒவ்வொன்றும் தன் தன் சூட்டுக்கேற்ப மினுக்க, மரம் விண்மீன் வானத்தைப்போல் ஆகிவிடும்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான லட்சணம் எது? விளக்குகள் கூடி ஓர் உருவத்தைச் சமைப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்குள்ளே அசைகிறது. அல்லது மரம் முழுவதும் ஒரே சீராக, மாறுவது தெரியாமலே மாறுகிறது. பார்வையைத் திருப்பினால் எதையும் இழந்துவிட மாட்டோம். திரும்பி வந்தால் எதுவும் முடிந்துபோயிராது. திரையின் இலக்கணம் இதற்கு நேர்மாறானது. திரையில் தோன்றுவது ஓர் உருவம். அது தொடங்கி, நடந்து, முடிவது. பாராதவன் அதை இழந்தவன். ஆகவே மரத்தைத் திரை என்று எண்ணத் தொடங்கிய உடனேயே, அதோடு இருப்பவர்களையெல்லாம் பார்வையாளர்களாக்கிவிடுகிறோம். ஒவ்வொரு விளக்குக்கும் வேறுவேறு கால அளவு கொடுத்து, ஒன்றோடொன்று சேராமல், மூச்சு விடுவதிலும் மெதுவாகப் பிரகாசிக்கவும் மங்கவும் செய்வதற்குச் சில வரி நிரலே போதும். முப்பரிமாண அளவைகூட அதற்கு வேண்டியதில்லை. அதை யாரும் செய்து காட்டிப் புகழ் பெற்றதாக நான் காணவில்லை; ஒரு நிமிஷப் படத்தில் அப்படிப்பட்ட மரம் அசையாத மரமாகவே தோன்றும் அல்லவா?

வீட்டுக்கு வெளியே நிற்கும் ஒளிக்கு இந்த விதி பொருந்தாது என்று சிலர் சொல்வதை ஓரளவு ஒப்புக்கொள்கிறேன். ஒஹையோ மாநிலத்து மேசன் நகரில் கார்சன் வில்லியம்ஸ் என்ற மின்பொறியாளர், 2004-இல் 16,000 விளக்குகளைத் தம் வீட்டின்மேல் பரப்பி, டிரான்ஸ்-சைபீரியன் ஆர்க்கெஸ்ட்ராவின் இசைக்கு இசைய அவற்றை ஆடவிட்டார். அக்கம்பக்கத்தாருக்கு இரைச்சல் தொல்லை இல்லாதபடி, இசையைக் காரில் உள்ள வானொலியில் கேட்கும்படி ஒலிபரப்பினார். காரில் வந்து பார்த்துவிட்டுப் போவோருக்கென்று அமைத்த காட்சி அது. காலத்துக்கும் கண்ணுக்கும் அங்கே முரண்பாடு இல்லை. ஆயினும் அங்கேகூட, கூட்டம் பெருகித் தெரு அடைபட்டு, 2005 டிசம்பரில் ஒரு விபத்து நடந்த இடத்துக்குப் போலீஸார் செல்ல முடியாமற்போகவே, காட்சியை அவர் நிறுத்தும்படி ஆயிற்று. நியூயார்க் ராக்ஃபெல்லர் மையத்து மரமும் வெளியேதான் நிற்கிறது. அதையும் வந்து பார்த்துவிட்டுப் போகும் கூட்டமே காண்கிறது. 2007-லிருந்து அதிலும் எல்.இ.டி. விளக்குகள்தாம் எரிகின்றன. சுமார் 50,000 விளக்குகள் உள்ள அந்தச் சரங்களை ஆட்டுவிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் அந்த மரத்துக்குக் கூட்டம் குறைந்துவிடவும் இல்லை.

மரத்தில் பாம்பு விளையாட்டை ஓடவிடுவதும் எழுத்துக்களை நகரவிடுவதும் இந்த வித்தையின் கடைசிப் படி. அதைப் பொறுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை. பாம்பு விளையாட்டுக்குத் திரைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றிலிருந்து சிறிது நேரமாவது கண்ணுக்கு விடுதலை தருவதற்கென்று அந்த அறையில் மிஞ்சியிருந்த ஒரே ஒளியையும் பறித்து மற்றொரு திரையாக்குவதை விளையாட்டு என்று சொல்லி விட்டுவிட முடியாது. கண்ணாடிக் குண்டில் பட்டுத் தெறிக்கும் ஒளியும், ஊசியிலைகளின் நிழலும், கிளைக்குள் ஆழத்தில் பாதி மறைந்து எரியும் விளக்கும் மரத்துக்கே உரிய அழகுகள். மரத்தைத் திரையாகக் காண்பவனுக்கு இவை எல்லாம் அளவைக்குத் தடையாக நின்ற பிழைகள்.

இத்தகைய நிரல்களை எழுதும் இளைஞர்களிடமும், அவற்றுக்குப் புகழும் பரிசும் வழங்குபவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். படத்தைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். எழுதியதை வீட்டு மரத்தில் ஓடவிட்டு, அந்த அறையிலேயே இரவு உணவு உண்டு, நாலு பேரோடு பேசி, சற்று நேரம் சும்மாவும் உட்கார்ந்திருங்கள். அதற்குள் யாரேனும் எழுந்து போய் அதை நிறுத்தச் சொன்னால், நிரலைத் திரும்ப எழுதுங்கள்.